சேகருக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள சேகருக்கு,

போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா மகள் காதுகுத்து நல்லபடியாக முடிந்தது. தாய்மாமன் மடி எங்கே என்று எல்லோரும் தேடினார்கள். கம்பெனியில் லீவு இல்லை, எக்ஸ்போர்ட் ஆர்டர் அவசரம், கட்டிங் மாஸ்டர் இல்லாமல் ஓடாது என்று பெருமையாகத்தான் சொன்னேன். உன் பெரியப்பா பையன் மடியில் உட்கார வைத்துக் குத்தினோம். ஞாயிற்றுக்கிழமைகூட லீவு இல்லையா என்று உன் அத்தை கேட்டாள். நான் பந்தி பார்க்கப் போய்விட்டேன்.

போனில் கடன் கொடுக்கிறார்களாமே, அதெல்லாம் வாங்காதே.

ஏழைகளுக்கென்று அரசாங்கம் நடத்திய புது வாழ்வுத் திட்டம் நம் ஊருக்கு வந்தது ஞாபகம் இருக்கிறதா? மக்கள் நிலை ஆய்வு என்று கோயில் திடலில் கோலமாவால் தெருத்தெருவாக வரைந்து, ஒவ்வொரு வீட்டையும் மிகவும் ஏழை, ஏழை, நடுத்தரம், வசதி என்று நம்மையே பிரிக்கச் சொன்னார்கள். வந்தவர்கள் நிலம் எவ்வளவு, மாடு எத்தனை என்று ஆரம்பித்தார்கள். பெண்கள் விடவில்லை. இரண்டு பிள்ளைகள் சம்பாதிக்கிற வீட்டுக்குக் காணி இல்லாவிட்டால் என்ன, ஒரு ஏக்கர் இருந்தும் கஞ்சி ஊற்ற ஆளில்லாத கிழவிதான் ஏழை என்றார்கள். ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கைமாற்று கேட்க ஒரு வாசல் இல்லாதவள் ஏழை என்றார்கள். அப்புறம் பூங்காவனம் அத்தை சொன்னாள்: "விசேஷத்துக்குச் சாக்கு சொல்லிவிட்டு வராமல் இருக்கிறது பார், அந்த வீடுதான்." என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள். உன் மாமன் வீட்டுக் கல்யாணத்துக்குக் காய்ச்சல் என்று நான் படுத்திருந்தது அந்த மாசம்தான்.

நம் வீட்டை மிகவும் ஏழையில் எழுதப் போனார்கள். நான் எழுந்து கத்தினேன். நடுத்தரத்தில் போட்டால்தான் உட்காருவேன் என்றேன். போட்டார்கள். அந்த வருசம் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு என்று தொழில் பயிற்சி வந்தது. பட்டியலில் உன் பெயர் இல்லை. நீ கேட்டபோது, அதிகாரிகள் விட்டுவிட்டார்கள் என்று சொன்னேன். பிறகுதான் நீ திருப்பூருக்குப் பஸ் ஏறினாய். இத்தனை வருசமாக இதை உன்னிடம் சொல்லவில்லை.

மகளிர் உரிமைத் தொகைக்கு எழுதிக் கொடுத்தபோதும் கரண்ட் வருசத்துக்கு 3600 யூனிட்டுக்கு உள்ளேயா, நிலம் எவ்வளவு என்றுதான் கேட்டார்கள். யார் வீட்டு விசேஷத்துக்குப் போகவில்லை என்று எந்தப் பாரத்திலும் இல்லை.

வெறுங்கையோடு வந்திருந்தால் உன்னை யார் என்ன சொல்லியிருப்பார்கள்? சொல்லித்தான் இருப்பார்கள். அதனால் என்ன, வந்திருக்கலாம். கந்துவட்டிக்குக் கடன் வாங்காதே. மல்லாட்டை இரண்டு படி காயவைத்திருக்கிறேன், வருகிற ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

மாசாமாசம் வந்த அந்த உரிமைத் தொகை ஆயிரத்தில் மிச்சம் பிடித்து ஒரு தோடு வாங்கி, மாமன் சீர் என்று தட்டில் வைத்தேன். பாப்பா கேட்டால் நீ வாங்கியது என்றே சொல். எனக்கு இன்னும் பழக்கம் போகவில்லை பார். உன் அக்கா தோட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

அம்மா