மன்னிப்பும் உன் 12,000 வெள்ளியும்

அன்புள்ள மகளுக்கு,

பெர்த்தில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்று மாப்பிள்ளை சொன்னார். பேரனுக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

“கடவுள் அவரை மன்னிச்சிட்டார்னா, எனக்கு நியாயம் யாருப்பா செய்வாங்க?” என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாய். அதற்கு அங்கேயே இரண்டு வரியில் பதில் போட மனம் வரவில்லை.

உன் தோழி சொன்னது உண்மைதான். போன ஞாயிறு தமிழ் ஆராதனையில் அந்த ரெனவேஷன்காரர் எழுந்து சாட்சி சொன்னார். தொழிலில் பலரை ஏமாற்றியதாகவும், ஆண்டவர் தன்னைத் தொட்டு மன்னித்துவிட்டதாகவும் சொன்னார். குரல் நடுங்கியது. அது நடிப்பென்று நான் நினைக்கவில்லை. சபையே கைதட்டியது. எனக்கோ இங்கே சிங்கப்பூரில் உன் பொங்கோல் வீட்டுச் சமையலறைதான் கண்முன் நின்றது. பாதி உடைத்துப் போட்ட தரை, சுவரில் அவர் பென்சிலால் குறித்துவைத்த அலமாரி அளவு, ஏழு மாத வயிற்றோடு நீ சிமெண்ட் தூசியைத் துடைத்தது. முன்பணம் 12,000 வெள்ளியோடு போனவர் அதன் பிறகு போனைக்கூட எடுக்கவில்லை.

உன் கோபத்துக்காக நீ வெட்கப்பட வேண்டாம் அம்மா. யோனா தீர்க்கதரிசியும் கோபப்பட்டார். நினிவே அசீரியருடைய பட்டணம், கொடுமைக்குப் பேர்போனது. அதைத் தேவன் அழிக்காமல் விட்டதும், நீர் இரக்கமுள்ளவர் என்று எனக்கு முன்பே தெரியும் என்று அவர் குறையாகவே சொல்கிறார். தேவன் அவரைத் துரத்திவிடவில்லை, பொறுமையாகப் பேசினார். ஆனால் மூன்றாம் அதிகாரத்தையும் பார். தங்கள் கைகளிலுள்ள கொடுமையை விட்டுத் திரும்புங்கள் என்று நினிவே ராஜா கட்டளையிடுகிறான். தேவன் பார்த்ததும் அவர்கள் உடுத்திய சாக்குத்துணியை அல்ல, அவர்கள் பொல்லாத வழியை விட்டுத் திரும்பிய கிரியைகளை.

பழைய ஏற்பாட்டுக் கடவுள் தண்டிப்பார், புதிய ஏற்பாட்டுக் கடவுள் மன்னிப்பார் என்று நீ எழுதியிருந்தாய். இது புதிதல்ல. இரண்டாம் நூற்றாண்டில் மார்சியன் என்பவர் நீதியின் தேவன் வேறு, அன்பின் தேவன் வேறு என்று ரோமில் போதித்தார். 144-ல் ரோம் சபை அவரை விலக்கிவிட்டது. சரியாகத்தான் செய்தார்கள். யாத்திராகமம் 34-ல் தேவன் மோசேக்குத் தம்மை அறிவிக்கும்போது, பாவத்தை மன்னிக்கிறவர் என்றும் குற்றவாளியைக் குற்றமற்றவனாக விடாதவர் என்றும் ஒரே மூச்சில்தான் சொல்கிறார்.

எனக்கு இதைத் தெளிவாக்கியது சகேயுவின் வீடு. வரி வசூலிக்கும் ஆயக்காரருக்குத் தலைவன், ஊர்ப் பணத்தில் ஐசுவரியவான் ஆனவன். அவன் ஒன்றும் சொல்வதற்கு முன்பே, இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும் என்கிறார் இயேசு. கிருபை முந்திக்கொள்கிறது. ஊரார் முறுமுறுத்ததும் நியாயம்தான், பணத்தைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். அப்போது சகேயு எழுந்து நின்று, அநியாயமாய் வாங்கினதை “நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்” என்கிறான். தானாக அறிக்கையிடுகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்பது எண்ணாகமம் 5:7. நாலத்தனை, அதாவது நாலு மடங்கு என்பது, ஆட்டைத் திருடிக் கொன்றவனோ விற்றவனோ கொடுக்கவேண்டிய அளவு. சகேயு தன்னைத் திருடன் கணக்கில் வைத்துக்கொள்கிறான். யாரும் அவனை நெருக்கவில்லை. இயேசு அவன் வீட்டுக்குள் வந்ததுதான் அவனை அப்படிப் பேசவைத்தது. அதற்குப் பிறகுதான், “இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது” என்கிறார். அன்று சாயங்காலம் எரிகோ ஊரில் எத்தனை வீட்டுக் கதவைத் தட்டி அவன் பணம் கொடுத்திருப்பானோ என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

நம் சபையில் அந்தப் பாதி விட்டுப்போயிற்று. கைதட்டியவர்களில் ஒருவருக்கும் ஒரு வெள்ளி நஷ்டம் இல்லை. கடனை மன்னித்தால் அது காற்றில் கரைந்து போவதில்லை, மன்னிக்கிறவர் கையிலிருந்துதான் போகிறது. சிலுவையை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். தேவன் பாவத்தைப் பார்க்காததுபோல் இருந்துவிடவில்லை, அந்த நஷ்டத்தைத் தம் மேல் ஏற்றுக்கொண்டார். அதனால்தான் பவுல் ரோமர் மூன்றில் அவரை நீதியுள்ளவர் என்றும் நீதிமானாக்குகிறவர் என்றும் ஒருங்கே சொல்கிறார். இவ்வளவு விலை கொடுத்தவர் உன் நஷ்டத்தை லேசாக நினைப்பாரா? தேவன் அந்த மனிதரை மன்னித்திருந்தால், உன் பணத்தைத் திருப்பித் தரும் மனதையும் அவருக்குக் கொடுப்பார் என்றே நம்புகிறேன். அவர் தராமலே போனாலும் உன் வழக்கு தேவனிடத்தில் இருக்கிறது.

மத்தேயு 18 சொல்கிறபடி முதலில் தனியாகத்தான் பேசவேண்டும். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் கீழே தேநீர் குடிக்கும்போது அவரை ஓரமாகக் கூப்பிடப் போகிறேன். மாதம் 300 வெள்ளியானாலும் சரி, தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வேன். நீ மன்னித்துவிட்டாய் என்று நான் சொல்லமாட்டேன். அதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. உனக்கு மனம் வரும்போது நீயே சொல்.

அவர் எழுதித் தந்த கொட்டேஷன் தாள் உன்னிடம் இருந்தால் சனிக்கிழமைக்குள் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா