‘ரிப்ளேஸ்’ என்று எழுதாதே, கண்ணு

அன்பு மகளுக்கு,

நலம். நலமறிய ஆவல். இங்கிலாந்தில் பிரசவ விடுப்பில் போகிற பெண்ணின் இடத்தில் உனக்கு ஓராண்டு வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் நீ பார்க்கச் சொல்லி அனுப்பிய அறிமுக மெயிலில் ஒரு சொல் உறுத்துகிறது. அவரை ‘ரிப்ளேஸ்’ செய்ய வந்திருப்பதாக எழுதியிருக்கிறாய். முதலில் அதை அடித்துவிடு.

ஓர் ஆளைப் பற்றி அந்த வினைச்சொல் வந்தால், பழையவர் போய்விட்டார், இனி வரமாட்டார் என்றுதான் இங்கிலாந்துக்காரர்களுக்குத் தோன்றும். கைக்குழந்தையோடு திரும்பி வரப்போகிறவள் அதைப் படித்தால் என்ன நினைப்பாள்? ‘ஐ ஆம் கவரிங் ஹெர் மெட்டர்னிட்டி லீவ்’ என்று எழுது. போனவர் திரும்பி வருவாரா மாட்டாரா என்பதைப் பார்த்துத்தான் ஒருவர் இடத்தில் இன்னொருவர் வருவதைக் குறிக்கும் சொற்களில் ஒன்றை எடுக்க வேண்டும். பெயர்ச்சொல்லாக வரும்போது மட்டும் கடுமை குறையும். தண்டவாள வேலை நடக்கும் நாட்களில் அங்கே ஓடுகிற பேருந்துக்கு ‘ரயில் ரிப்ளேஸ்மென்ட் பஸ்’ என்றே பெயர். வேலை முடிந்ததும் ரயில் வந்துவிடும்.

ஒரு நாள், ஒரு ஷிப்ட் என்றால் ‘ஃபில் இன் ஃபார்’ போதும். கூட்டத்திலோ விழாவிலோ ஒருவர் இடத்தில் நின்றால் ‘ஸ்டாண்ட் இன் ஃபார்’. மேலதிகாரிக்காகக் கீழே இருப்பவர் செய்தால் ‘டெப்யுடைஸ் ஃபார்’. கடைசி நேரத்தில் கைகொடுத்தால் ‘ஸ்டெப் இன்’.

வில்லங்கம் எல்லாம் வாலில் ஒட்டியிருக்கிற குட்டிச் சொற்களில்தான். ‘ஃபில் மீ இன்’ என்று மேனேஜர் சொன்னால் தன் வேலையைப் பார்க்கச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்லச் சொல்கிறார். கூட்டத்தில் அவருக்காக ‘ஸிட் இன் ஃபார்’ என்றால் அவர் நாற்காலியில் உட்கார்ந்து நீ பேச வேண்டும். கூட்டத்தில் ‘ஸிட் இன் ஆன்’ என்றால் ஓரமாக உட்கார்ந்து கேட்டுவிட்டு வர வேண்டும். ‘கவர் ஃபார் மீ’ என்பதற்கு ‘என் வேலையைப் பார்த்துக்கொள்’ என்றும் பொருள், ‘நான் செய்ததை மறைத்துவிடு’ என்றும் பொருள். ஷிப்டையோ விடுப்பையோ சேர்த்துச் சொல்லிவிட்டால் சந்தேகமே வராது.

‘சப்ஸ்டிட்யூட்’டில் படித்தவர்களும் தடுமாறுவார்கள். ‘சப்ஸ்டிட்யூட் மார்ஜரின் ஃபார் பட்டர்’ என்றால் வெண்ணெய்க்குப் பதில் மார்ஜரின். நம் ‘பதில்’ பழையதோடு ஒட்டிக்கொள்வது போலத்தான் ‘ஃபார்’ என்பதும் பழையதோடு ஒட்டும். ‘வித்’ வந்தால் அதன் பின்னால் நிற்பது புதுசு: ‘ரிப்ளேஸ் பட்டர் வித் மார்ஜரின்.’ கால்பந்துச் செய்தியில் ஒருவர் ‘சப்ஸ்டிட்யூட்டட்’ என்று படித்தால் அவர் வெளியே போனவர். ‘சப்ஸ்டிட்யூட்’ என்ற பெயர்ச்சொல்லோ உள்ளே வந்தவருக்கு.

நம் ஊர் ஆங்கிலத்தை அங்கே அப்படியே கொண்டுபோனால் சிக்கல் வரும். இங்கே பொறுப்புத் தலைமை ஆசிரியரை ‘ஹெட்மாஸ்டர் இன்சார்ஜ்’ என்கிறோம். நிரந்தரமாக நியமிக்கப்படாதவர் என்று நமக்குப் புரியும். அங்கே ‘இன் சார்ஜ்’ என்றால் அதிகாரம் கையில் உள்ளவர், அவ்வளவுதான். தற்காலிகம் என்று காட்ட ‘ஆக்டிங்’ போடு. ‘அஃபிஷியேட்டிங்’ என்றால் ஆட்டத்துக்கு நடுவராகவோ கல்யாணச் சடங்கு நடத்துபவராகவோ நினைப்பார்கள். ‘ஆக்டிங்’ பழகிவிட்டால் ‘ஆக்டிங் அப்’ என்பதும் காதில் விழும். மேல் பதவி வேலையைச் சில மாதம் பார்ப்பதற்கு அங்கே அப்படிச் சொல்வார்கள், தனிப் படியும் கொடுப்பதுண்டு. குழந்தை அடம்பிடித்தாலும் பிரிண்டர் மக்கர் செய்தாலும் அதே சொல்தான்!

டாக்டருக்குப் பதில் வருபவர் ‘லோகம்’, ஆசிரியருக்குப் பதில் வருபவர் ‘சப்ளை டீச்சர்’. அமெரிக்காவில் அவரே ‘சப்’. லோகம் என்பது லத்தீன் ‘லோகம் டெனென்ஸ்’ என்பதன் சுருக்கம். இடத்தைப் பிடித்திருப்பவர் என்று பொருள். பிரெஞ்சு வழியாக வந்த ‘லெஃப்டினன்ட்’டும் அதே பொருள்தான்.

பொருட்களுக்குச் சொற்கள் வேறு. கையில் கிடைத்ததைக் கொண்டு ஒப்பேற்றினால் ‘மேக்‌ஷிப்ட்’. சரியானது வரும்வரை ஓட்டைக்கு அடைப்பு ‘ஸ்டாப்கேப்’. காலி இடத்தில் அடையாளத்துக்கு வைப்பது ‘ப்ளேஸ்ஹோல்டர்’. கார் வாங்கப் போவதாகச் சொன்னாயே, மெக்கானிக்கிடம் ‘ஸ்டெப்னி’ என்று கேட்காதே, விழிப்பார். அந்தப் பெயர் பிறந்தது என்னவோ அவர்கள் பக்கம்தான்: 1904-ல் வேல்ஸில், லனெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில். இன்று அங்கே அது ‘ஸ்பேர்’. ஒல்லியாக இருந்தால் ‘ஸ்பேஸ் சேவர்’. அதன் மேலேயே மணிக்கு 50 மைல் என்று வேக வரம்பு அச்சிட்டிருக்கும், மீறாதே.

மெயிலின் கடைசி வரியில் நீ எந்தத் தேதி வரை இருப்பாய் என்பதையும் போடு. திருத்தியதும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு.

அன்புடன்,
அப்பா