பூட்ஸ் போட்ட எழுத்து

அன்புள்ள குமரா,

நாலு மாதமாகப் பதில் போடவில்லை. உன் இரண்டு கடிதங்களும் மேசையிலேயே கிடக்கின்றன. பார்க்கும்போதெல்லாம் மனசு உறுத்துகிறது. இங்கே எல்லோரும் சுகம். சரி, எழுத உட்கார்ந்த காரணத்தைச் சொல்கிறேன்.

ஒரு நாடகக் குழுவுக்குச் சுவரொட்டி செய்தேன். தலைப்பு ஆங்கிலத்தில் ஒரே சொல். மெல்லிய எழுத்தில் வைத்தால் பத்தடி தள்ளிப் போனதும் கரைந்துவிடுகிறது. கடைசியில் ராக்வெல் என்ற எழுத்துருவின் ஆகத் தடித்த வகையைப் போட்டேன். ஆமாம், நீ 'பூட்ஸ் போட்ட எழுத்து' என்று கேலி செய்வாயே, அதே ஸ்லாப் செரிஃப்தான், கோட்டு நுனிகளில் தடித்த கட்டை வைத்த எழுத்து. சொல் சுவரில் காலூன்றி நின்றுவிட்டது, குமரா!

மூன்று நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற செரிஃப் எழுத்துகளில், அதாவது கோட்டு நுனியில் சின்னக் கட்டை உள்ளவற்றில், அந்த நுனி மெலிந்து முடியும். இதில் அடிக்கட்டையும் ஏறக்குறைய தூண் அளவுக்கு, அதாவது எழுத்தின் நிமிர்ந்த கோட்டளவுக்குப் பருமன். சேரும் இடத்தில் வளைவும் கிடையாது, நேராகப் போய் முட்டுகிறது. ஆங்கிலப் பெரிய 'ஏ' எழுத்தின் உச்சியில்கூட ஒரு கட்டை! எழுத்துகளைக் கொஞ்சம் நெருக்கினால் கட்டைகள் வரிசையாகி, சொல்லுக்குக் கீழே தரை போட்டதுபோல் ஆகிவிடுகிறது. எனக்குப் பிடித்ததே அந்தத் தரைதான்.

ராக்வெல்லை 1934இல் மோனோடைப் என்ற எழுத்துரு நிறுவனம் வெளியிட்டது. ஆனால் இந்தக் குலம் அதற்கும் நூறு வருஷம் மூத்தது. லண்டனில் எழுத்து வார்ப்பாளர் வின்சென்ட் ஃபிகின்ஸ் இந்த வகையை 'ஆன்டிக்' என்ற பெயரில் வெளியிட்டபோது விளம்பரத் தாள்கள் பெருகிக்கொண்டிருந்தன. தூரத்திலிருந்தே கண்ணை இழுக்கும் எழுத்து தேவைப்பட்டது. பெரிய அளவில் ஈயத்தில் வார்த்தால் கனம் தாங்காது. 1827இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் மரத்தில் எழுத்தை இயந்திரம் வைத்துக் கடைய வழி கண்டார். அப்புறம் சுவரொட்டிகளுக்குத் தடையே இல்லை.

ராபர்ட் பெஸ்லி கதைதான் எனக்கு வருத்தம். 1845இல் கிளாரண்டன் என்ற கட்டை எழுத்தைப் பதிவு செய்தார், அவரும் லண்டன் வார்ப்பாளர்தான்; கிடைத்த பாதுகாப்பு மூன்றே வருஷம். அது முடிந்ததும் ஆளாளுக்கு நகல் எடுத்தார்கள். இத்தனைக்கும் அது கத்துவதற்காக வந்த எழுத்தே இல்லை. சாதாரண எழுத்தோடு ஒரே வரியில் உட்கார்ந்து, அகராதியில் தலைச்சொல்லைத் தனியே காட்டுவது மாதிரியான வேலைக்கு வந்தது. அதில் கட்டை தூணோடு சேரும் இடம் வளைந்து குழைந்திருந்தது.

இந்த வித்தியாசம்தான் அந்தக் குழுவுக்குப் புரியவில்லை. தலைப்பு பிடித்துப்போனதும் தேதி, இடம், நடிகர் பெயர் எல்லாவற்றையும் அதே தடித்த ராக்வெல்லில் மாற்றி, என்னிடம் சொல்லாமலே அச்சடித்துவிட்டார்கள். அந்தப் பருமனில் ஆங்கிலச் சின்ன 'ஏ', 'ஈ' (a, e) எழுத்துகளுக்கு உள்ளே இருக்கும் வெற்றிடம் ஏற்கெனவே குறுகல். பொடி அளவில் மை அதை அடைத்துவிட்டது. பக்கத்துக் கட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி, வரிகள் கறுப்புப் பட்டையாகிவிட்டன. ஒரு நடிகை தன் பெயரைத் தேடி வரிவரியாக விரல் வைத்துக்கொண்டே போனார். பக்கத்தில் நின்ற எனக்கு வாய் திறக்க முடியவில்லை. ஆறு மாதம் ஒத்திகை பார்த்தவர்டா அவர்.

அடுத்த நாடகத்துக்கும் என்னைத்தான் கேட்கிறார்கள். தலைப்புக்கு ராக்வெல்லை விடமாட்டேன், நீ எவ்வளவு சிரித்தாலும் சரி. பெயர்களுக்குக் கனம் குறைந்த கிளாரண்டன் வைக்கலாமா, செரிஃப் இல்லாத எழுத்துக்கே போய்விடலாமா என்று குழம்புகிறேன். உன்னிடம் பழைய எழுத்துரு மாதிரிப் புத்தகம் இருக்குமே, அதில் கிளாரண்டன் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பு. சின்ன அளவில் இருப்பவை முக்கியம். இந்த வாரமே வேண்டும்.

அன்புடன்,
செல்வம்