நாலாவது வரி

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது, தைலத்தை மாற்றியிருக்கிறாள். கொல்லை மாமரம் பூத்தது, மழை வந்து பூவெல்லாம் கொட்டிவிட்டது. வேறு சேதி இல்லை.

நீ அனுப்பிய படம் வந்து 52 நாள் ஆகிறது. ரோமில் பேரரசன் செவரஸ் எழுப்பிய வெற்றி வளைவின் உச்சியில் உள்ள கல்வெட்டு, கீழே ஒரே ஒரு கேள்வி: "நாலாவது வரி மட்டும் ஏன்ப்பா உள்ளே குழிஞ்சிருக்கு?" அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. நான் அனுப்புவதற்கு நீலக் குறி விழுகிறது, பதில் விழுவதில்லை. வேலை இருக்கும். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். கடிதத்துக்கு உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி நல்ல கேள்வி. அந்த வளைவின் கீழே தினமும் எத்தனையோ பேர் நின்று படம் எடுக்கிறார்கள், குழிவு யார் கண்ணில் பட்டது? உன் கண்ணில் பட்டது. ஆனால் நேரே நாலாவது வரிக்குப் போனால் ஒன்றும் புரியாது. முதலில் முகங்களைப் பார்க்கப் பழக வேண்டும்.

எந்தச் சிலையையும் நேர் எதிரே நின்று மட்டும் பார்த்துவிட்டு வராதே, பக்கவாட்டில் போய் நில். முகம் நாம் பார்ப்பதற்கென்று செய்தது. காதும் பிடரியும் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று விட்டது. மூக்கை நம்பவே நம்பாதே. பளிங்குத் தலை விழுந்தால் முதலில் போவது மூக்கு. அருங்காட்சியகங்களில் நீ பார்ப்பதில் நிறைய மூக்குகள் பின்னாளில் ஒட்டியவை. கண்ணைப் பார். பாவை உளியால் குடையப்பட்டிருந்தால் பெரும்பாலும் பேரரசன் ஹேட்ரியன் காலத்துக்குப் பிந்தியது, அதாவது ஏறக்குறைய கி.பி. 130-க்குப் பிறகு. அதற்கு முன் கண்ணை வண்ணத்தால் தீட்டினார்கள். வண்ணம் போனதும் குருட்டு வெள்ளையாக நிற்கிறது.

வத்திக்கானில் பிரிமா போர்ட்டா அகஸ்டஸை, ரோமின் முதல் பேரரசனின் சிலையை, பார்த்துவிட்டாயா? 1863-ல் அவன் மனைவி லிவியாவின் மாளிகை இடிபாட்டில் கிடைத்தது, இரண்டு மீட்டர் உயரம். மார்புக் கவசத்தின் நடுவில் ஒரு பார்த்தியன், ரோமின் கிழக்கு எதிரி நாட்டான், ரோமானியக் கழுகுக் கொடியைத் திருப்பிக் கொடுக்கிறான். கி.மு. 53-ல் ரோமானியத் தளபதி கிராசஸ் காரே போரில் தோற்றபோது பறிபோன கொடிகள் அவை. கி.மு. 20-ல் அகஸ்டஸ் அவற்றைப் பேச்சுவார்த்தையில்தான் வாங்கினான், போர் நடக்கவில்லை. ஆனால் போர்க்கவசத்தின் மேல் செதுக்கிவிட்டால் வெற்றி மாதிரித்தான் தெரியும். காலில் செருப்பு இல்லை. வெறுங்கால் தேவர்களுக்கும் வீரபுருஷர்களுக்கும் உரியது. காலருகே டால்பின் மேல் ஒரு குட்டி மன்மதன். பளிங்கில் கணுக்கால்தான் பலவீனம், அவ்வளவு பாரத்துக்கு ஒரு முட்டு வேண்டும். அந்த முட்டுக்கல்லைக்கூட வீணாக்காமல், மன்மதனின் தாயான வீனஸ் வழிவந்த குலம் என்று சொல்லப் பயன்படுத்திக்கொண்டார்கள். அரசாங்கச் சிற்பி என்றால் இப்படி இருக்க வேண்டும்.

அவன் செத்தது கி.பி. 14-ல், 76 வயது நிறைய ஒரு மாதம் இருக்கும்போது. இருநூறுக்கும் மேல் தலைகள் கிடைத்திருக்கின்றன. ஒன்றில்கூடக் கிழவன் இல்லை. எப்படி எல்லா ஊரிலும் ஒரே முகம்? ரோமில் ஒரு மூல மாதிரி இருக்கும். அதன் வார்ப்புகள் மாகாணங்களுக்குப் போகும். உள்ளூர்ச் சிற்பி அதில் புள்ளிகள் குறித்து அளந்து கல்லுக்கு மாற்றுவான். கன்னமும் உதடும் ஊருக்கு ஊர் கொஞ்சம் நழுவும், நெற்றி மயிர் நழுவாது. ஒரு கற்றை இரண்டாகப் பிளந்திருக்கும், பக்கத்தில் இரண்டு கற்றை நண்டுக் கொடுக்கு மாதிரி எதிரெதிரே வளையும். அதை வைத்துத்தான் இன்றைக்கும் அடையாளம் சொல்கிறோம். முகம் தெரியாவிட்டால் முடியைப் பார்.

நீரோவுக்குப் பின் வந்த வெஸ்பாசியன் வழுக்கையையும் சுருக்கத்தையும் அப்படியே செதுக்கச் சொன்னான். அதுவும் நாடகம்தான், "நான் நீரோ இல்லை, உழைத்துக் களைத்த சிப்பாய்" என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொள்வது. ஹேட்ரியன் தாடி வைத்தான், அவனுக்குப் பின் வந்தவர்களும் நெடுங்காலம் வைத்தார்கள். டிராஜன் தூணை வேகமாகப் பார்த்துவிட்டு வந்துவிடாதே. 113-ல் எழுப்பியது, ஏறக்குறைய 200 மீட்டர் நீளப் பட்டை சுற்றிச் சுற்றி மேலே போகிறது, இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேல் உருவங்கள். போர்த் தூண் என்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் சண்டை குறைவு. மரம் வெட்டுகிறார்கள், கோட்டை கட்டுகிறார்கள், பாலம் போடுகிறார்கள், பலி கொடுக்கிறார்கள், அரசன் நின்று பேசுகிறான். படை என்பது ஒழுங்கு, ஒழுங்கு என்பது நான். அதுதான் சேதி. வெறும் கண்ணுக்கு மேல் சுற்றுகள் எட்டாது, இருநோக்கி கொண்டுபோ. கழுத்துக்குத் துணி சுற்றிக்கொள், அண்ணாந்து நின்றால் உனக்குச் சளி பிடிக்கும்.

வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

இனி வெட்டி மாற்றிய முகங்கள். 96-ல் பேரரசன் டொமிஷியன் கொல்லப்பட்டதும் செனட்டர்கள் ஏணி கொண்டுவரச் சொல்லி, அவன் உருவங்களைச் சபையிலேயே பிய்த்துத் தரையில் எறிந்தார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார். வெண்கலத்தை உருக்கலாம். பளிங்கு விலை கூடியது, ஒரு அரசனைச் சீவினால் இன்னொரு அரசன் கிடைப்பான். வத்திக்கானிலேயே கான்செல்லேரியா புடைப்புச் சிற்பங்கள் உண்டு, 1930-களின் கடைசியில் தோண்டியெடுத்தவை. அதில் நடுவில் நிற்கிறவனின் தலை உடம்புக்கு ரொம்பச் சின்னது. டொமிஷியனைச் செதுக்கி அடுத்து வந்த நெர்வா ஆக்கியது. கல்லைக் குறைக்கத்தான் முடியும், கூட்ட முடியாது. கன்னம் ஒட்டும், மண்டை சுருங்கும். காதை மட்டும் குறைப்பது கஷ்டம், உடைந்துவிடும், அதனால் பழையவன் காது புதியவன் முகத்தில் பெரிதாக நிற்கும். பிடரியில் பழையவன் முடியும் இருக்கும். பக்கவாட்டில் போய் நின்றால் இரண்டு பேரும் தெரிவார்கள். கான்ஸ்டன்டைன் வளைவில் நிறைய இந்த வேலைதான்; டிராஜன், ஹேட்ரியன், மார்க்கஸ் அரேலியஸ் மூவரின் சிற்பங்களையும் கழற்றிவந்து, தலையை மட்டும் தன் தலையாக்கிக்கொண்டான்.

நம் ஊரில் கிடைக்கிற வெள்ளிக் காசு உனக்கு நினைவிருக்கும். இரண்டு பையன்கள், நடுவில் கேடயமும் ஈட்டியும். கையஸ், லூசியஸ். அகஸ்டஸின் பேரன்கள், அவர்களை அவன் மகன்களாகத் தத்தெடுத்திருந்தான். அடுத்த அரசர்கள் இவர்கள்தான் என்று உலகத்துக்கெல்லாம் அறிவித்த காசு. லூசியஸ் கி.பி. 2-ல் போனான், கையஸ் 4-ல். கொங்கு நாட்டு மண்ணில் இன்னும் அகப்படுகிற காசுகளில் அவர்கள் நின்றுகொண்டே இருக்கிறார்கள். புதுக்கோட்டையில் 1898-ல் கிடைத்த 501 தங்கக் காசுகள் வேறு கதை. பெரும்பாலானவற்றில் அரசன் தலைக்குக் குறுக்கே உளி வெட்டு. ஆனால் அது கோபம் இல்லை. இது இனிக் காசாகச் செல்லாது, தங்கமாக எடை போடு என்று சொல்வதற்கு வெட்டியது என்பதே பொருந்துகிற விளக்கம். வெட்டியவனுக்கு அந்த முகம் யாரோ.

யாரென்று தெரிந்தே வெட்டுவது ரோமில் நடந்தது.

செப்டிமியஸ் செவரஸுக்கு இரண்டு மகன்கள், கரகல்லா, கெட்டா. பிள்ளைகளைக் காட்டாமல் அவன் எதையும் கட்டவில்லை. பார்த்தியர்மேல் வெற்றி என்று 203-ல் எழுப்பிய அந்த வளைவில் மூன்று பேர் பெயரும் இருந்தது. இன்றைய லிபியாவின் லெப்டிஸ் மாக்னாவில் அவன் சொந்த ஊர் வளைவில், தகப்பனும் மூத்தவனும் கைகோத்து நிற்க இளையவன் நடுவில் நிற்கிறான். ஒற்றுமை என்று காசும் அடித்தார்கள். வீட்டில் ஒற்றுமை இருந்தால் யாராவது அதைக் கல்லில் வெட்டிவைப்பார்களா? 211 பிப்ரவரியில், இன்றைய யார்க் நகரில் சாகும்போது, ஒற்றுமையாக இருங்கள், படைவீரர்களுக்கு அள்ளிக்கொடுங்கள், மற்ற யாரையும் பொருட்படுத்தாதீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொன்னதாக அக்கால வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதுகிறார். அந்த டிசம்பரிலேயே மூத்தவனின் ஆட்கள் இளையவனை அம்மா ஜூலியா டோம்னாவின் மடியில் வைத்துக் கொன்றார்கள். அவள் அழவும் கூடாது என்றானாம்.

அப்புறம் பெயரைத் தேடித் தேடி வெட்டினார்கள். உன் நாலாவது வரி அதுதான். அந்தக் கல்வெட்டு முதலில் வெண்கல எழுத்துகளால் ஆனது. ஒவ்வொரு எழுத்துக்கும் கல்லில் பள்ளம் வெட்டி, துளையிட்டு, முளை வைத்துப் பொருத்துவார்கள். நாலாவது வரியில் இருந்தது "லூசியஸின் மகன் பப்ளியஸ் செப்டிமியஸ் கெட்டா, மிக மேன்மை தங்கிய சீசர்" என்பது. எழுத்தைக் கழற்றினாலும் பள்ளம் படிக்கும்படி இருக்குமே, அதனால் கல்லின் முகத்தையே சீவினார்கள். அதுதான் குழிவு. அந்த இடத்தில் "மிகச் சிறந்த, மிகப் பெரிய வீரர்களான அரசர்களுக்கு" என்று புது எழுத்து வைத்தார்கள். அது புகழ்ச்சி இல்லை, இடம் அடைப்பு. மூன்றாவது வரியின் கடைசியில் இருந்த "மற்றும்" என்ற சொல்லையும் எடுத்தார்கள், மற்றொருவர் இல்லாமல் அது எதற்கு? ஆனால் முளைத்துளை ஆழமாகப் போயிருந்தது. சீவியும் போகவில்லை. பின்னாளில் வெண்கலம் முழுக்கப் பறிபோனபோது பழைய துளைகளும் புதிய துளைகளும் ஒன்றாக வெளியே தெரிந்தன. எந்த எழுத்துக்கும் சேராத துளைகளை வைத்துத்தான் கெட்டாவின் பெயரை மறுபடி படித்தார்கள். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது, பக்கவாட்டில் நின்று பார்.

ரோமிலேயே வெலாப்ரோ பகுதியில் காசு மாற்றுகிறவர்களும் மாட்டு வியாபாரிகளும் சேர்ந்து 204-ல் கட்டிய சின்ன வாசல் ஒன்று உண்டு, பெயர்தான் வளைவு. உள்பக்கம் ஒரு பலகையில் செவரஸும் ஜூலியாவும் பலி கொடுக்கிறார்கள், அவள் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கும் அளவு வெறும் கல். எதிர்ப்பலகையில் கரகல்லா தனியாக. மனைவியும் மாமனாரும் இருந்த இடம் சீவப்பட்டிருக்கிறது. சுற்றிலும் பூ வேலை, கொடி வேலை எல்லாம் அப்படியே. ஆயிரத்து எண்ணூறு ஆண்டுக்கு மேலாக அந்த அம்மா காலி இடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறாள்.

போன தடவை வந்தபோது ஹாலில் இருக்கிற படத்தை நீ பக்கவாட்டில் போய் நின்று பார்த்தாய். நான் சமையல்கட்டு வாசலில் இருந்தேன், நீ கவனிக்கவில்லை.

ஸ்டூடியோக்காரர் வேலையை நன்றாகத்தான் செய்தார். திரையை இழுத்து நிரப்பினார். அம்மாவின் தோளில் நாலு விரலை மட்டும் விட்டுவிட்டார், சேலை மடிப்பு என்று நினைத்திருப்பார். நான் அன்றைக்கே பார்த்தேன். திரும்பக் கொடுத்துச் சரிசெய்யவில்லை. அம்மா கேட்டதாக உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது பொய். அவள் கேட்கவில்லை, அவளிடம் நான் சொல்லக்கூட இல்லை. உன் அண்ணன் செய்தது சரியா தப்பா என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் படத்தைப் பையில் போட்டுக்கொண்டு நான் கடைத்தெருவுக்கு நடந்து போனது தப்பு.

சரி. இன்றைய துருக்கியில், அன்றைய கரியாவில், ஸ்ட்ராட்டோனிகேயா என்று ஒரு ஊர். அங்கே செம்புக் காசுகளில் கெட்டா முகத்தை மழுக்கினார்கள். ஆனால் அதற்குள் அவன் வெள்ளிக் காசுகள் எல்லா மாகாணத்திலும் மக்கள் கையில் போய்விட்டன. கையில் போன காசை யார் திரும்ப வாங்க முடியும்? இன்றைக்கும் கெட்டாவின் தெனாரியஸ் எளிதாகக் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை.

நேரம் கிடைத்தால் பெர்லின் ஆல்ட்டஸ் மியூசியத்துக்குப் போ. எகிப்திலிருந்து வந்த வட்டப் பலகை, குறுக்களவு 30 சென்டிமீட்டர்தான், மரத்தில் தீட்டியது. நரைத்த தாடியோடு தகப்பன், முத்துமாலையோடு அம்மா, கீழே இரண்டு பிள்ளைகள். ஒருவனுக்கு முகம் மட்டும் சுரண்டியிருக்கிறது. உடை இருக்கிறது, உடம்பு இருக்கிறது. அழித்தவன் பலகையை உடைத்திருக்கலாம், செய்யவில்லை. கண்ணாடிக்கு மிக அருகில் போகாதே, விளக்கு பிரதிபலிக்கும். பக்கவாட்டில் நில்.

பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, படம் எடுத்து அனுப்பு. வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா

பி.கு.: பெர்லினில் இப்போது குளிர் எப்படி, அங்கே இருக்கிறவர்களுக்குக் கம்பளி போதுமா என்று கேட்கச் சொன்னாள் அம்மா. அவள்தான் கேட்கிறாள்.