மேகசினைக் கழற்றிவிட்டேன், சேம்பரையும் பார்த்துவிட்டேன்

அன்புள்ள கண்ணம்மா,

நான் அனுப்பிய படத்தை நீ பார்த்துவிட்டாய் என்று போன் காட்டுகிறது, பதில்தான் வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று அம்மா சொல்கிறாள். இருக்கும். அந்தப் படத்தில் மேஜை மேல் இருந்த துப்பாக்கி காலிம்மா. தோட்டா அடுக்கும் பெட்டியான மேகசின் தனியாகப் பக்கத்தில் கிடந்தது, குழலுக்குக் கீழே முன்னும் பின்னும் நகரும் பிடியான பம்பைப் பின்னால் இழுத்துத் திறந்தே வைத்திருந்தேன், பெரிதாக்கிப் பார்த்தால் சுடுவதற்கான தோட்டா போய் உட்காரும் சேம்பருக்குள், காலி என்று காட்டச் செருகியிருந்த ஆரஞ்சுக் கொடிகூடத் தெரியும். நீ பெரிதாக்கிப் பார்த்திருக்க மாட்டாய், அதனால் சொல்கிறேன்.

ரிட்டயர் ஆன மனுஷனுக்கு இது எதற்கு என்று மாப்பிள்ளை கேட்டதாக அம்மா மூலம் தெரிந்தது. நியாயமான கேள்விதான். சுடும் பயிற்சி நடக்கும் ரேஞ்சுக்குப் போகிறேன், குறிக் காகிதத்தைச் சுடுகிறேன், வீட்டுக்கு வந்து துடைத்து வைக்கிறேன், அவ்வளவுதான். சிலர் கோல்ஃப் ஆடுகிறார்கள். அவர்களிடம் யாரும் எதற்கு என்று கேட்பதில்லை.

இது வழக்கமான பம்ப் ஷாட்கன் இல்லை என்பதை உனக்குச் சொல்லியாக வேண்டும். நமக்குத் தெரிந்த பம்ப் துப்பாக்கியில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே ஒரு குழாயில் வரிசையாகப் போய்ப் படுத்திருக்கும். ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1897 வின்செஸ்டர் முதல், 1950-இல் வந்த ரெமிங்டன் 870 வரை எல்லாம் அப்படித்தான். கழற்றி மாட்டும் பெட்டி மேகசினோடு வருவதைப் பெரிய கம்பெனிகள் கையில் எடுத்ததே அண்மையில்தான். 2018-இல் ரெமிங்டனும் மாஸ்பெர்க்கும் ஒரே வருஷத்தில் கொண்டுவந்தன. நான் வாங்கியது எந்தக் கம்பெனி என்பது இப்போது முக்கியமில்லை, குறை சொல்லப் போகிறேன், அதனால் பெயர் வேண்டாம்.

குறையையே முதலில் சொல்கிறேன், அப்பா விற்பனைக்காரன் மாதிரிப் பேசுகிறான் என்று நீ நினைக்கக் கூடாது. மேகசின் பெரிசு. 12 கேஜ் என்கிற குழல் அளவுக்கான தோட்டா ஒன்றே நாற்பது ஐம்பது கிராம் வரும், பத்து போட்டால் அரைக் கிலோ ஆகிவிடுகிறது, அது துப்பாக்கியின் வயிற்றுக்குக் கீழே தொங்கும். பெஞ்சில் முழங்கையை ஊன்றிச் சுடலாம் என்றால் பெட்டி இடிக்கிறது. பம்பைக் கடைசி வரை இழுக்கும்போது கையைப் பின்தள்ளிப் பிடித்திருந்தால் விரல் போய் மேகசினில் முட்டும். மாட்டும்போதும் ஈரத்தில் உப்பிய மேஜை டிராயர் மாதிரி அடம் பிடிக்கும், அடியில் ஒரு தட்டுத் தட்டி, கீழே இழுத்துப் பார்த்து, மாட்டிக்கொண்டதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அப்புறம், குழாய்த் துப்பாக்கியில் சுடச்சுட இரண்டு தோட்டாவை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கலாம், இதில் அது நடக்காது. வானத்தில் பறக்கவிடும் களிமண் தட்டைச் சுடப் போகிறவர்களுக்கு இது ஆகவே ஆகாது.

தோட்டா நிரப்புவதிலும் ஒரு பொறுமை வேண்டியிருக்கிறது. ஷாட்கன் தோட்டாவின் அடியில் பித்தளை விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும் இல்லையா, மேலே இருப்பதன் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் போய்விட்டால் பம்பைத் தள்ளும்போது அடித் தோட்டாவையும் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து சிக்கிக்கொள்ளும். ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்துத்தான் போடுகிறேன். அம்மா பார்த்துவிட்டு, மாத்திரை டப்பாவில் இத்தனை கவனம் காட்டினால் பி.பி. எப்போதோ குறைந்திருக்கும் என்கிறாள்.

ஆனால் சுடும்போது இருக்கிறதே, அது வேறு. உதை பலமாகத்தான் இருக்கிறது. முன்கையால் பம்பை முன்னே தள்ளிக்கொண்டும் பின்கையால் தோளுக்குள் இழுத்துக்கொண்டும் பிடித்தால் பாதி குறைகிறது, இதை ரேஞ்சில் கற்றுக்கொடுத்தவள் உன் வயசுப் பெண், என்னை மிரட்டி மிரட்டிக் கற்றுக்கொடுத்தாள். எடை முன்பக்கம் போகாமல் இரண்டு கைக்கும் நடுவில் நிற்பதால் குழல் கீழே சாய்வதில்லை. இழுத்தால் வெற்றுத் தோட்டா வலது பக்கம் பறக்கும், தள்ளினால் அடுத்தது ஏறும், அரைகுறையாக இழுத்தால் ஒன்றும் ஏறாது. அந்தத் தயவு தாட்சண்யமில்லாத தன்மை எனக்குப் பிடித்திருக்கிறது. தோட்டாவுக்குள் இருக்கும் ரவைக் குண்டுகள் சிதறி அறையையே நிரப்பும் என்பதெல்லாம் சினிமா, பத்து கெஜத்தில் ஒரு சாண் அகலத்துக்குத்தான் விரிகிறது. குறி பார்க்காமல் ஒன்றும் நடக்காது. சும்மா சொல்லக் கூடாது, நான் நன்றாகவே சுடுகிறேன். காகிதத்தை எடுத்து வைத்திருக்கிறேன், வந்தால் காட்டுகிறேன்.

நான் ஏன் குழாய் வேண்டாம் என்று இதை வாங்கினேன் என்பதைத்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன், எங்கெங்கோ போய்விட்டது. குழாய்த் துப்பாக்கியைக் காலி செய்ய வேண்டுமானால் ஒவ்வொரு தோட்டாவாகச் சேம்பர் வழியே ஏற்றி வெளியே தள்ள வேண்டும், இல்லையென்றால் உள்ளே விரலை விட்டு, தோட்டாவைத் தடுத்து வைத்திருக்கும் நிறுத்தியை அமுக்கி ஒன்றொன்றாக வழியவிட வேண்டும். குழாய்க்குள் இன்னும் ஒன்று இருக்கிறதா என்பது வெளியே நின்று பார்ப்பவனுக்குத் தெரியாது. பெரியப்பா வீட்டில் அன்றைக்கு எல்லோரும் காலி என்றுதானே சொன்னார்கள். நீ அப்போது சின்னப் பெண், ஆனால் வாசலில் நின்றுகொண்டிருந்தாய், எனக்குத் தெரியும்.

இதில் ஒரு பொத்தானை அமுக்கினால் மேகசின் மொத்தமாகக் கையோடு வந்துவிடுகிறது. அதோடு முடிந்தது என்று சொல்லவில்லை. மேகசினை எடுத்த பிறகும் சேம்பரில் ஒன்று இருக்கலாம், அதனால் பம்பை இழுத்து, கண்ணால் பார்த்து, சுண்டு விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். ரேஞ்சிலும் பார்க்கிறேன், காரிலிருந்து இறக்கும்போதும் பார்க்கிறேன், வீட்டில் இரும்புப் பெட்டியில் வைக்கும்போதும் பார்க்கிறேன். நீ எங்கே, யார் வீட்டில் துப்பாக்கியைப் பார்த்தாலும், மேகசின் இல்லையே என்று நம்பிவிடாதே, சேம்பரைப் பார்க்கச் சொல். மாப்பிள்ளைக்கும் சொல். தோட்டாவை மேகசினுக்குள் போட்டு வைப்பதே இல்லை, ஸ்பிரிங் அமுக்கத்தில் தோட்டாவின் பிளாஸ்டிக் உடல் நசுங்கி வட்டம் கெட்டுவிடும் என்பார்கள். எனக்கு அது இன்னொரு காரணம், அவ்வளவுதான்.

துப்பாக்கி இரும்புப் பெட்டியில், கேபிள் பூட்டோடு. தோட்டா வேறு அறையில், வேறு பூட்டில். மேகசின் அம்மாவின் பீரோவில், அதன் சாவி அவளிடம், எனக்கே அவளைக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது, அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்வதும் இதைத்தான்: காலியாக வை, பூட்டி வை, தோட்டாவைத் தனியாகப் பூட்டு. அதற்கு முன்னால் ஒரு வரி இருக்கிறது, துப்பாக்கியே இல்லாத வீடுதான் குழந்தைக்குப் பாதுகாப்பு என்று. அந்த வரியை விட்டுவிட்டு அடுத்த வரியைப் படிக்கிறேன் என்று நீ சொல்வாய். சொல்லு. சொன்னால் பதில் பேசலாம். நீ சின்ன வயசிலிருந்தே கோபம் வந்தால் கத்த மாட்டாய், விடுமுறைக்கு வேறு ஊர் போக டிக்கெட் எடுத்துவிடுவாய்.

குட்டிப் பயல் இப்போது கதவு எல்லாம் திறக்கிறானாமே, அம்மா வீடியோவில் பார்த்துவிட்டு நாள் முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தாள். உன் அறையில் அவனுக்காகக் கட்டிலை நகர்த்திப் போட்டிருக்கிறோம். அந்த அறைக்கும் பெட்டி இருக்கும் இடத்துக்கும் நடுவில் இரண்டு கதவு, இரண்டும் பூட்டுகிற கதவு. மாப்பிள்ளையே வந்து பூட்டை இழுத்துப் பார்க்கட்டும், எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. கொஞ்சம் வருத்தம் இருக்கும், பரவாயில்லை.

நீங்கள் இங்கே இருக்கும் நாட்களுக்கு அது வீட்டிலேயே வேண்டாம் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. ரேஞ்சில் லாக்கர் வாடகைக்குக் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டேன், கிடைக்கிறது. விற்றுவிடு என்று மட்டும் எடுத்த எடுப்பில் சொல்லிவிடாதே, ஒரு தடவை என்னோடு வந்து பார்த்துவிட்டுச் சொல். லாக்கருக்கு ஒரு வாரம் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும், அதனால் டிக்கெட் எடுத்ததும் தேதியை அம்மாவிடமாவது சொல்லிவிடு.

அப்பா