திசு வங்கிகளுக்கு நிரந்தர நுட்பநர்கள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமான அக்டோபரில் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரைகளை ஒன்று விடாமல் படித்தேன். மருத்துவர்களும் ஆய்வாளர்களும் நோயிலிருந்து மீண்ட பெண்களும் அவற்றில் மனம்விட்டுப் பேசியிருந்தார்கள். ஆய்வகத்தில் திசுவைக் கையில் வாங்குகிறவர்களைப் பற்றி மட்டும் ஒரு வரியும் காணவில்லை. பதினொரு ஆண்டுகளாகச் சென்னையில் மார்பகப் புற்றுநோய் ஆய்வுத் திட்டங்களில் ஆய்வக நுட்பநராக இருந்துவருகிறவள் என்ற முறையில், இந்த வேலையைப் பற்றியும் இதில் நெடுங்காலமாகத் திருத்தப்படாமல் கிடக்கும் ஒரு குறையைப் பற்றியும் எழுத விரும்புகிறேன்.

அறுவை அரங்கிலிருந்து கட்டி வந்து சேர்ந்ததும் நாங்கள் முதலில் பார்ப்பது கடிகாரத்தைத்தான். இரத்த ஓட்டம் அறுந்ததிலிருந்தே திசுவுக்குள் மரபணுச் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ. சிதையத் தொடங்குகிறது, புரதங்களும் மெல்லக் கெடுகின்றன. ஆகவே, அகற்றிய ஒரு மணி நேரத்துக்குள் திசுவை அழுகாமல் காக்கும் ஃபார்மலின் கரைசலில் இட்டுவிட வேண்டும், அதில் அது 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் ஊற வேண்டும் என்று விதி இருக்கிறது. நோயறிதலுக்குத் தேவையானதை நோய்க்குறியியல் மருத்துவர் எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதே ஆய்வுக்கு வரும். அதைப் பச்சைப் பயறு அளவுத் துண்டுகளாக அரிந்து, சிறு குப்பிகளில் இட்டு, திரவ நைட்ரஜனில் உறையவைத்து, மைனஸ் 80 டிகிரி ஃப்ரீஸரில் அடுக்குகிறோம்; இந்தச் சேமிப்பைத்தான் திசு வங்கி என்கிறோம். ஃபார்மலினில் ஊறிய துண்டை மெழுகில் பதித்து, மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் 4 மைக்ரான் தடிமனுக்குச் சீவுகிறோம். அந்தச் சீவல் வெதுவெதுப்பான நீர்த்தொட்டியில் வெங்காயத்தின் உட்சவ்வு போல மிதக்கும். கண்ணாடி ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்து ஒரே வாக்கில் அதை ஏந்தி எடுக்க வேண்டும். மடிப்பு விழுந்தால் அந்த இடத்தில் சாயம் தேங்கி, பார்ப்பவரின் கண்ணை ஏமாற்றிவிடும். இது புத்தகம் படித்து வருவதன்று. எனக்குக் கை பழகவே ஒன்றரை ஆண்டுகள் ஆயின.

அந்தச் சீவலில் எந்த ஏற்பி, அதாவது ஹார்மோன் போன்றவற்றைப் பற்றிக்கொள்ளும் புரதம், தென்படுகிறது என்பதைப் பொறுத்தே மருந்து அமையும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கும் கட்டிக்கு டமாக்சிஃபென் போன்ற மாத்திரை பயன்படும்; ஹெர்-2 புரதம் மிகுந்த கட்டிக்கு டிராஸ்டுசுமாப் ஊசி பயன்படும்; ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்-2 ஆகிய மூன்றுமே இல்லாத வகைக்கு இவை எதுவும் பயன்படா. திசுவை ஃபார்மலினில் இடுவதற்கு வெகுநேரம் தாமதித்தால், உண்மையில் இருக்கும் ஏற்பிகூட இல்லாததுபோல் தோன்றலாம். அந்தத் தவறு ஆய்வுக்குள் நுழைந்தால், அதன்மேல் எழுதப்படும் கட்டுரைகள் எல்லாவற்றிலும் அது தொடரும்.

நம் நாட்டுப் பெண்களின் திசுக்களைச் சேமிப்பது ஏன் இத்தனை முக்கியம் என்பதையும் சொல்லியாக வேண்டும். உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்க்கப்படும் எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய் உயிரணு வரிசை, அமெரிக்காவின் மிச்சிகனில் 1970இல் மறைந்த கேத்தரின் ஃபிரான்சிஸ் என்ற கன்னித்துறவியின் உடலிலிருந்து வந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த உயிரணுக்கள் நமக்குக் கற்றுக்கொடுத்தவை ஏராளம். அந்த அம்மையாரை நான் நன்றியுடன் நினைக்காத நாள் குறைவு. ஆனால் இந்தியப் பெண்களுக்கு இந்நோய் மேலைநாட்டினரைவிட இளவயதில் வருகிறது. மூன்று ஏற்பிகளும் இல்லாத வகை இங்கே கூடுதல் விகிதத்தில் காணப்படுகிறது. இதன் காரணத்தை மிச்சிகனிலிருந்து வந்த உயிரணுவிடம் கேட்டு அறிய முடியாது. சென்னை ஐ.ஐ.டி. 2025 பிப்ரவரியில் வெளியிட்ட புற்றுநோய் மரபணுத் தரவுத்தளம், 480 மார்பகப் புற்றுநோயாளிகளின் திசு மாதிரிகளைக் கொண்டு உருவாக்கப்பட்டது. அத்தகைய பணி ஒவ்வொன்றுக்கும் அடிப்படை, எந்தக் குப்பி யாருடையது என்பதில் ஐயமில்லாமல் இருப்பதே. இதில் ஏமாந்தால் என்ன ஆகும் என்பதற்கு எம்டிஏ-எம்பி-435 என்ற உயிரணு வரிசை சான்று. மார்பகப் புற்றுநோய் என்று நம்பி அதை வைத்துப் பல நூறு கட்டுரைகள் எழுதப்பட்டன. அது மெலனோமா என்ற தோல் புற்றுநோயைச் சேர்ந்தது என்பதற்கான தடயம் 2000ஆம் ஆண்டில்தான் வெளிப்பட்டது.

இனி நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் புதிதாகச் சேர்ந்த ஓர் ஆய்வகத்தில், எனக்கு முன் அந்தப் பொறுப்பில் இருந்தவர் திட்டக் காலம் முடிந்து நான்கு மாதங்களுக்கு முன்பே போய்விட்டிருந்தார். இடையில் யாரும் நியமிக்கப்படவில்லை. ஃப்ரீஸரைத் திறந்தபோது, வரிசைக்கு ஒன்பதாக 81 குப்பிகள் கொண்ட ஒரு பெட்டியில் பனி படர்ந்து, பல குப்பிகளின் மேல் எழுதியிருந்த மை அழிந்திருந்தது. எஞ்சிய எழுத்துகளும் அவர் தமக்கென்று வைத்திருந்த குறியீடுகள். பதிவேட்டிலோ அந்தப் பெட்டிக்குரிய பக்கம் பாதியில் நின்றிருந்தது. அவரைத் தேடிக் கண்டுபிடித்தபோது தனியார் பரிசோதனை நிலையம் ஒன்றில் இரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார். அழைத்ததும் மறுக்காமல், ஊதியம் எதுவும் இல்லாமல், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வந்து என்னோடு உட்கார்ந்து நினைவிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். அப்படியும் 23 குப்பிகளை அடையாளம் காண இயலவில்லை. அவற்றை முறைப்படி எரிப்பதற்கு அனுப்பினோம். அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஒப்படைத்துவிட்டுப் போக எதிரில் ஓர் ஆள் இல்லாதபோது அவர் என்ன செய்திருக்க முடியும்?

அந்த 23 குப்பிகளும் பெண்கள் ஒப்புதல் தந்து கொடுத்தவை. அறுவைக்கு முந்தைய நாள் அந்தப் படிவத்தை வாசித்துக் காட்டும் வேலை சில திட்டங்களில் எங்களுக்கே வரும். இந்த ஆய்வால் உங்களுக்கு நேரடிப் பயன் எதுவும் இல்லை என்ற வரியை விட்டுவிடாமல் சொல்ல வேண்டும். கட்டிலில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஒரு தாய், கையொப்பமிடுமுன், "எனக்கு இல்லாட்டி போகுதும்மா, என் பொண்ணுக்காவது உதவுமா?" என்று கேட்டார். உதவக்கூடும் என்றேன். பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்து யாரோ ஒருவர் அந்தக் குப்பியை எடுக்கும்போது, அது யாருடையது, எத்தனை மணிக்கு உறையவைக்கப்பட்டது என்பது தெரிந்தால் மட்டுமே நான் சொன்ன பதில் மெய்யாகும்.

நான் சுட்டிக்காட்ட விரும்பும் குறை இதுவே. திசு வங்கி என்பது இருபது, முப்பது ஆண்டுகளுக்கென ஏற்படுத்தப்படுவது. அதைக் காக்கும் நுட்பநரோ பல இடங்களில் மூன்றாண்டுத் திட்ட நிதியில், தொகுப்பூதியத்தில், ஆண்டுக்கு ஒருமுறை நீட்டிக்கப்படும் ஒப்பந்தத்தில் இருக்கிறார். நிதி நின்றால் அவர் போய்விட வேண்டும். பல லட்சம் ரூபாய்க்கு வாங்கும் ஃப்ரீஸருக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் தவறாமல் போடப்படுகிறது. அதற்குள் இருப்பதை அறிந்தவர் தொடர்ந்து இருப்பதற்கு ஏற்பாடு இல்லை. பதினொரு ஆண்டுகளில் நான் நான்கு திட்டங்களில் வேலை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் புதியவள் என்றே பணி ஆணை வந்தது. ஊதியத்தைவிட இதுவே என்னைப் போன்றவர்களைச் சோர்வடையச் செய்கிறது.

இடையறாத பணியால் என்ன கிடைக்கும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. 1980களின் தொடக்கம் முதல் அடையாறு புற்றுநோய் நிலையம் பேணிவரும் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடு இருப்பதால்தான், ஒரு காலத்தில் இந்நகரப் பெண்களிடையே முதலிடத்தில் இருந்த கருப்பைவாய்ப் புற்றுநோய் குறைந்து, மார்பகப் புற்றுநோய் அந்த இடத்துக்கு வந்ததை நாம் உறுதியாகச் சொல்ல முடிகிறது. நடுவில் ஐந்தாறு ஆண்டுகள் விட்டுப்போயிருந்தால் அந்த மாற்றத்தின் போக்கே பிடிபட்டிருக்காது.

எனவே, புற்றுநோய்த் திசுக்களைச் சேமிக்கும் நிறுவனம் ஒவ்வொன்றிலும், திட்ட நிதியைச் சாராமல், குறைந்தது இரண்டு நிரந்தர நுட்பநர் பணியிடங்களையாவது உருவாக்க வேண்டும். அதுவரை, ஒரு நுட்பநர் விலகும்போது அவருக்குப் பின் வருபவர் ஒரு மாதமாவது அவருடன் சேர்ந்து வேலை பார்க்கும் வகையில், அந்த ஒரு மாதத்துக்கான இரட்டை ஊதியத்தை நிதி நல்கும் அமைப்புகள் திட்டச் செலவிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். மத்திய, மாநில அரசுகளின் சுகாதாரத் துறைகளும் ஆய்வு நிறுவனங்களின் நிர்வாகங்களும் இதைப் பரிசீலிக்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வக நுட்பநர்,
சென்னை.