அது டகோட்டா இல்லை, வைகவுண்ட்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாத இதழில் பழைய சினிமா பற்றிய பக்கத்தில், கதாநாயகன் விமானப் படியில் நின்று கையசைக்கும் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டிருந்தீர்கள். கீழே ‘டகோட்டா விமானத்தில் வந்திறங்கும் நாயகன்’ என்று இருந்தது. அது டகோட்டா இல்லை என்று அன்றைக்கே ஓர் அஞ்சலட்டை எழுதிப் போட்டேன். இந்த இதழில் பதில் வந்திருக்கிறது: ‘ரசிகர்கள் பார்ப்பது நாயகனைத்தான், எந்த விமானமாக இருந்தால் என்ன?’

அந்த ஒரு வரியைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

தயவுசெய்து அந்தப் படத்தை இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள். நாயகன் நிற்கும் வாசலே நீள்வட்டம். அவர் தோளுக்குப் பின்னால் தெரிகிற ஜன்னலும் நின்ற வாக்கில் நீள்வட்டம்; 26 அங்குல உயரம், 19 அங்குல அகலம் இருக்கும். டகோட்டாவின் ஜன்னல் சின்னது, சதுரமானது. சரி, ஃபோக்கர் விமானத்துக்கும் நீள்வட்ட ஜன்னல் உண்டே என்று யாராவது கேட்கலாம். ஆனால் ஃபோக்கரின் இறக்கை கூரைக்கு மேலே இருக்கும். உங்கள் படத்தில் இறக்கை ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது, அந்த ஒரு பக்கத்திலேயே இரண்டு எஞ்சின் தெரிகின்றன. அப்படியானால் மொத்தம் நான்கு. டகோட்டாவுக்கு மொத்தமே இரண்டுதான். தவிர, டகோட்டா தரையில் நிற்கும்போது வாலைத் தாழ்த்தி, மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். வாசல் பின்பக்கம் தாழ்வாக இருப்பதால் நாலைந்து படியில் ஏறிவிடலாம். ஏறிய பிறகுதான் உள்ளே மேட்டில் நடக்கவேண்டும். இவ்வளவு உயரப் படி அதற்கு எதற்கு?

நீங்கள் போட்டிருப்பது வைகவுண்ட். பயணிகளோடு பறந்த முதல் டர்போபிராப் விமானம், அதாவது ஜெட் மாதிரியான டர்பைன் எஞ்சினால் புரொப்பெல்லரைச் சுழற்றும் விமானம், அதுதான். இந்தியன் ஏர்லைன்ஸுக்கு 1957-ல் வந்தது. அது வந்தபோது அந்த விமானத்தில் ஒருமுறை போய்வர வேண்டும் என்று ஜனங்கள் ஆசைப்பட்ட காலம் உண்டு.

நான் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் தரைப்பணி பார்த்து ஓய்வு பெற்றவன். அதற்கு முன்னால் மீனம்பாக்கத்தில் வேலை பழகினேன். படி தள்ளுவது, சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது, பெட்டி ஏற்றுவது, எல்லாம் செய்திருக்கிறேன். எங்களுக்கு மூத்தவராக நாகர்கோவில்காரர் ஒருவர் இருந்தார், நாங்கள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். புதுப் பையன்களை வெயிலில் நிறுத்திவைத்துச் சொல்லிக்கொடுப்பார். “எலே, மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நிக்காத. ஜன்னலைப் பாரு, இறக்கை எங்க இருக்குன்னு பாரு, வால்ல என்ன இருக்குன்னு பாரு. அப்புறம் பேரைச் சொல்லு” என்பார். சத்தத்தை நம்பக்கூடாது என்பதும் அவர் பாடம். வைகவுண்ட், ஃபோக்கர், ஆவ்ரோ மூன்றிலும் ரோல்ஸ் ராய்ஸ் டார்ட் எஞ்சின்தான். மூன்றும் ஒரே மாதிரி வீறிடும். காதைப் பொத்திக்கொண்டுதான் கட்டையை எடுப்போம். அந்த மனிதர் சொல்லிக்கொடுத்ததைத்தான் இன்றைக்குப் பழைய படங்களைப் பார்க்கும்போதும் செய்கிறேன். என் பேரன்களும் இப்போது டிவியில் விமானம் வந்தால் ஜன்னலைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

இது முதல் தடவை என்றால் நான் இத்தனை எழுதமாட்டேன். முன்பு ஒருமுறை, வாலில் மூன்று செங்குத்துச் சிறகு வைத்த கான்ஸ்டலேஷன் விமானத்தின் படத்தைப் போட்டு ‘ஏர் இந்தியாவின் ஜெட் விமானம்’ என்றீர்கள். 1948 ஜூன் 8-ம் தேதி பம்பாயிலிருந்து லண்டனுக்கு ஏர் இந்தியாவின் முதல் சர்வதேசச் சேவை தொடங்கியதே கான்ஸ்டலேஷனில்தான். ‘மலபார் பிரின்சஸ்’ என்று அந்த விமானத்துக்குப் பெயர். நான்கு புரொப்பெல்லர் படத்திலேயே தெரிந்தது. ஏர் இந்தியாவுக்கு முதல் ஜெட், போயிங் 707, 1960-ல்தான் வந்தது.

இன்னொரு முறை, வால்பக்கம் இரண்டு ஜெட் எஞ்சினும் மூலை மழுங்கிய முக்கோண ஜன்னலுமாக ஒரு விமானம். நாயகி வாலுக்கு அடியிலுள்ள படி வழியாக இறங்கி வருகிறார். காரவெல் என்பதற்கு இதைவிட அடையாளம் வேண்டாம். அது இந்தியன் ஏர்லைன்ஸில் சேர்ந்தது 1964-ல். நீங்களோ ‘ஐம்பதுகளின் படக்காட்சி’ என்று போட்டீர்கள். படம் எந்த வருடம் என்பதையே விமானம் சொல்லிவிடும் ஐயா. அதனால்தான் ‘எந்த விமானமாக இருந்தால் என்ன’ என்று நீங்கள் கேட்டது எனக்கு வலிக்கிறது.

படம் எடுத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. ஒரு விமானம் கிளம்பும், வேறொன்று தரையிறங்கும். வெளியே நீள்வட்ட ஜன்னலாக இருக்கும், ஸ்டூடியோவில் போட்ட உள்பக்கத்தில் சதுர ஜன்னலாக இருக்கும். அவர்கள் கையில் கிடைத்த துண்டுப் படத்தை ஒட்டிச் சமாளித்தார்கள். ஆனாலும் அவர்களால்தான் இன்றைக்கு அந்த விமானங்கள் ஓடுவதையும் ஏறுவதையும் நம்மால் பார்க்க முடிகிறது. எத்தனையோ விமானங்களை உடைத்து எடைக்குப் போட்டாயிற்று. பழைய மீனம்பாக்கம், கையில் மாலையோடு ஓடுபாதை ஓரம் வரைக்கும் வந்து நின்ற சொந்தக்காரர்கள், எல்லாம் அந்தப் படச்சுருளில்தான் மிச்சம் இருக்கின்றன. அதை அச்சிடுகிற கைக்கு ஒரு பொறுப்பு உண்டு.

பெயர் தப்பானது போதாதென்று படத்தின் ஓரத்தையும் வெட்டியிருக்கிறீர்கள். விமானத்தின் உடம்பில் பின்பக்கமாக விடி (VT) என்று தொடங்கும் ஐந்து ஆங்கில எழுத்துப் பதிவு எண் இருக்கும். அதை வைத்து இது எந்த விமானம், கடைசியில் அதற்கு என்ன ஆயிற்று என்பதுவரை தேடலாம். நீங்கள் வெட்டி எறிந்தது சரியாக அந்தப் பகுதியை.

சொல்ல வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ரயில் சிறப்பிதழில் எங்கள் பதின்மூன்று கண் பாலத்தை நீலகிரி மலைப்பாதை என்று போட்டீர்கள். செங்கோட்டை–கொல்லம் ரயில் பாதையில் ஆரியங்காவு தாண்டினால் கண்ணெதிரே நிற்கிற பாலம் அது. திருத்தம் கேட்டு எழுதினேன், வரவில்லை. இப்போது என் அஞ்சலட்டையின் கீழே ‘கேரள வாசகர்’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். எங்கள் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ம் தேதி. கேரள எல்லையில் உள்ள புளியரை சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருக்கிறவர்கள் நாங்கள். எங்கள் ஊருக்கு உங்கள் இதழ் மற்ற ஊர்களைவிடப் பிந்தித்தான் வருகிறது. அதைக்கூட நாங்கள் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. என் அப்பா காலத்திலிருந்து வீட்டுக்கு வருகிற பத்திரிகை என்ற உரிமையில்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. அடுத்த இதழில் ‘படத்தில் இருப்பது வைகவுண்ட் விமானம்’ என்று ஒரு வரி திருத்தம் போடுங்கள். மூலப்படம் உங்கள் அலுவலகத்தில் இருந்தால், ஓரம் வெட்டாமல், வால் தெரியும்படி மறுபடி அச்சிடுங்கள். முடியாவிட்டால் அதன் நகல் ஒன்றை என் முகவரிக்கு அனுப்பிவைத்தால் போதும், தபால் செலவை நான் தந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
விமான நிலைய முன்னாள் ஊழியர்,
செங்கோட்டை, தென்காசி மாவட்டம், தமிழ்நாடு.